பதினாலாம் இலக்கத்தில் இருந்தவர்கள்

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் வாசிகசாலை. தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்குள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு, நான் நாசூக்காக விட்டுவிட்ட பகுதிகளையும் சேர்த்து எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்தது யாழ்ப்பாணம். இருபத்துமூன்று வயதில் உத்தியோகம் என்று பதுளைக்கு வந்தவன், ஒரு திணைக்களத்தில் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டேன். எந்தக் காரியத்துக்கு எந்தப் படிவம், எத்தனை பிரதி, யாருடைய கையொப்பம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஓய்வு பெற்ற பிறகு விழித்திருக்கும்போதுகூட யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் அந்தத் தோட்டத்து வாசிகசாலைச் சங்கத்தின் தலைவர். அவர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் ஒரு கங்காணி. கந்தோர் என்று நாங்கள் சொல்லும் என் அலுவலகத்துக்கு ஒரு காலத்தில் அடிக்கடி வந்து, அடிக்கடி திருப்பி அனுப்பப்பட்டவர். யாரோ வெளிநாட்டு அன்பர் ஒருவர் வாசிகசாலைக்கு இரண்டு கணினிகளும், ஒரு அச்சு இயந்திரமும், சிம் போட்டு இயங்கும் ஒரு ரவுட்டரும் அன்பளிப்புச் செய்திருந்தார். தோட்டம் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலும் சிக்னல் வராது. வாசிகசாலைக் கூரையில் ஒரு நீளக் குழாயை நட்டு, அதன் உச்சியில் அன்டெனாவைக் கட்டிய பிறகு, அந்தக் கட்டடத்தையும் அதைச் சுற்றியுள்ள லயங்களையும் எட்டும் அளவுக்கு இன்டர்நெட் வந்தது. டுபாயில் இருக்கும் மகளுடன் பேசுவது, பிள்ளைகளின் வகுப்பு, கொழும்புக் கடையில் நிற்கும் மகனின் முகம் பார்ப்பது எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியை நம்பித்தான்.

பெட்டிக்கு மூச்சு வாங்கியது. மாதம் பாதி போவதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர்கள்கூட மதிலோரம் நின்று படம் பார்க்கிறார்கள் என்று புகார். கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தார்களாம். தோட்டத்தில் கடவுச்சொல்லை மாற்றுவதென்பது கோயில் திருவிழாத் திகதியை மாற்றுவது மாதிரி. சாயந்தரத்துக்குள் கடைசி லயத்துக்குக்கூடத் தெரிந்துவிடும்.

"நீங்க வந்து ஒரு ஒழுங்கு பண்ணிக் குடுங்க சார்," என்றார் தலைவர். "ஒங்கள மாதிரி ஆள்தான் வேணும். ஒரு கையெழுத்து கொறஞ்சாலே எங்கள ரெண்டு தடவ பதுளைக்கு நடக்க வச்ச ஆளு."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ரவுட்டருடன் வந்த கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அப்படிப் படித்த மனிதர்கள் இந்த மாகாணத்தில் அதிகம் இருக்கமாட்டார்கள். அதிலிருந்து ஒரு விஷயம் விளங்கியது. வைஃபையில் சேருகிற ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் அந்த ரவுட்டருக்குள் தனியாக ஒரு இலக்கம் வேண்டும். ஐ.பி. முகவரி என்பார்கள். இலக்கம் இல்லாவிட்டால் கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை, பேச முடியாது. சாதாரணமாக இந்த இலக்கத்தை ரவுட்டரே கொடுத்துவிடுகிறது. ஒரு போன் வந்து எனக்கொரு இலக்கம் தா என்று கேட்டால், யாரிடமும் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுக்கும். போன் போய்விட்டால் கொஞ்ச நேரம் கழித்து அதைத் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கும். இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர்.

எனக்கு அதிர்ச்சி. விண்ணப்பம் இல்லை. சிபாரிசு இல்லை. அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. வந்தவன் போனவனுக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் இலக்கம்! முப்பத்தேழு வருடங்கள் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, தானாக இலக்கம் கொடுக்கும் அந்த வசதியை நிறுத்தினேன். நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். நான் அதிகமாக மேற்கோள் காட்டிய ஒரு சுற்றறிக்கையின் இலக்கத்தை அதற்கு வைத்தேன். எனக்கு அது மறக்காது, வேறு எவருக்கும் அது நினைவிருக்காது.

பிறகு ஒரு படிவம் தயாரித்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், லய இலக்கம், போனின் விபரம், பாவனையின் நோக்கம், தலைவரின் சிபாரிசு. இரண்டு பிரதிகள். அனுமதிக்கப்பட்டவருக்கு, முகவரியின் கடைசிப் பகுதியாக, பதினொன்றிலிருந்து ஒரு இலக்கம் ஒதுக்கி, அவருடைய போனில் நானே கையால் பதிந்து, கோடு போட்ட பதிவேட்டில் எழுதினேன். ஏழு விதிகள் அடித்துச் சுவரில் ஒட்டினேன். ஏழாவது விதி: ஒதுக்கப்பட்ட இலக்கத்தைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. ஏன் கொடுக்கக் கூடாது என்று எழுதவில்லை. காரணம் எழுதுகிற பழக்கம் கந்தோரில் எனக்கு இருந்ததில்லை.

இருபத்துமூன்று பேருக்கு அனுமதி கொடுத்தேன். அதைவிட அதிகமான படிவங்களைக் குறை சொல்லித் திருப்பினேன். தலைவருடையதே திரும்பியது. தனக்குத் தானே சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டிருந்தார், அது முறையல்ல. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் பஸ் ஏறிப் போய் இரண்டு மணி நேரம் பதிவேட்டுடன் உட்கார்ந்திருப்பேன். முதல் மாதம் டேட்டா மிஞ்சியது. நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

பதினாலாம் இலக்கம் பிள்ளை மடுவத்து ஆயம்மாவுடையது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளை மடுவம். நாற்பதைத் தாண்டிய அந்தப் பெண் பதினொரு வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலைக்கு முன்பிள்ளைப் பருவக் கல்வியில் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தை மாதத்துக்குள் சான்றிதழ் இல்லாவிட்டால் படித்த வேறொருவரைப் போடுவார்கள். அவர் கூடையை மாட்டிக்கொண்டு திரும்ப மலைக்குப் போக வேண்டும். முழங்கால் தேய்ந்துதான் மலையிலிருந்தே மடுவத்துக்கு வந்தவர் அவர்.

ஒன்றரை வருடம் வாசிகசாலை ஜன்னலோரம் நின்று போனில் பாடம் கேட்டுப் படித்திருந்தார். எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது. மிஞ்சியது வாய்மொழிப் பரீட்சை மட்டும். கொழும்பிலிருந்து வீடியோவில் கேட்பார்கள். அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு இணைப்புத் திறக்கும், ஒன்பதேகாலுக்கு மூடிவிடும், அதற்குள் உள்ளே போயிருக்க வேண்டும். தவறவிட்டவர்களுக்கு அடுத்த வருடம்தான். என் கந்தோரே வகுத்த மாதிரியான விதி. அதைக் கேட்டபோது அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு நல்ல மதிப்பு உண்டாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எட்டரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இஸ்திரி போட்ட நீலச் சேலையில், ஒரு கதிரையின் மேல் புத்தகங்களை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவரும் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், நேத்துச் சாயந்தரத்துலருந்து இது வருது, போகுது," என்றார் ஆயம்மா. "மழைக்குத்தானுங்களே?"

வாங்கிப் பார்த்தேன். வைஃபை அடையாளம் முழுதாக இருந்தது. வீடியோவைத் திறந்தால் ஒரு நொடி சுற்றும், அவருடைய முகம் வரும், வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்கும், பிறகு அறுந்துவிடும். வயரால் இணைத்திருந்த கணினியில் பார்த்தேன். அதில் இன்டர்நெட் ஒழுங்காக இருந்தது. மழையின் மேல் பழி போட முடியாது. அந்தக் கணினியில் கெமராவும் இல்லை, மைக்கும் இல்லை. மற்றக் கணினி திருத்தத்துக்குப் போயிருந்தது. போனைத் தவிர வேறு வழியில்லை.

"வேறு ஆருக்கும் இப்படி அறுகுதோ?" என்று கேட்டேன்.

"எங்க மதினிக்கும் அப்புடித்தான் சார். அதுவும் வந்து வந்து போகுதாம்."

"உங்கட மதினிக்கு நான் இலக்கம் குடுக்கேல்லையே. படிவத்தில லய இலக்கம் போடேல்லை எண்டு திருப்பினனான்."

"ஆமாங்க. அதான் பாவம்னு நம்ம பதினாலயே போட்டுக் குடுத்தேன்."

ஒரு இலக்கத்தை இரண்டு போன்கள் வைத்திருந்தால் ரவுட்டருக்கு யார் யாரென்று தெரியாது. ஒருவருக்கு வர வேண்டியதை மற்றவருக்கு அனுப்பும். இருவருமே தடுமாறுவார்கள்.

"மதினிக்கு மட்டும்தானே?"

ஆயம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மதினி, மதினியின் மகள், பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா, கீழ் லயத்தில் இரண்டு பேர், கோயில் பூசாரி. ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். அந்தக் கையும் முடிகிற நேரத்தில் தலைவரின் பக்கம் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"நீங்களுமோ?" என்றேன்.

"என் பாரத்தத்தான் சார் திருப்பிட்டீங்களே."

"ஏழாம் விதியில எழுதியிருக்கிறன். சிபாரிசுக் கையொப்பம் போடுறவரே இப்படிச் செய்தால்?"

"என்னங்க சார் தப்பு?" என்றார் ஆயம்மா. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். "காய்ச்சல்ல ஒருத்தி படுத்தா அவ பேருக்கு நாங்க மலைக்குப் போயிருக்கோம். பேரு ஒன்னுதான், வேல நடந்துச்சில்ல? நம்பரும் அப்புடித்தான்னு நெனச்சேன். ஒரே நேரத்துல ரெண்டு பேரு இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலியே."

சொல்லவில்லைதான். கொடுக்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

மணி எட்டு ஐம்பது. பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் பதிவேட்டைத் திறந்தேன். முப்பத்துநாலு காலியாக இருந்தது. அதை அவருடைய போனில் பதிந்தேன். முன்பு இருபத்துமூன்று போன்களில் நிதானமாகச் செய்த வேலை, அன்றைக்கு விரல் வழுக்கி இரண்டு முறை பிழைத்தது. மூன்றாம் முறை சரியாக வந்தது. முகம் தெரிந்தது. உறைந்தது. அறுந்தது.

"முப்பத்திநாலா போட்டீங்க?" என்று தலைவர் மெல்லக் கேட்டார். "அது வேணாம் சார். அறுவது வரைக்கும் பயலுக போட்டுப் பாத்துட்டானுங்க. எந்த நம்பர் போட்டாலும் வேல செய்யுதுன்னு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு. ஒங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..."

ஆக, ஒவ்வொரு ஞாயிறும் நான் காவல் இருந்த பதிவேட்டுக்கும் அந்தத் தோட்டத்தில் நடப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தோட்டமே அதை அறிந்திருந்தது. என் மனம் நோகக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து மறைத்திருந்தார்கள். இருபத்துமூன்று பேர் ஒழுங்காகப் படிவம் நிரப்பினார்கள் என்றால், அது எனக்குப் பொழுது போகட்டும் என்பதற்காகவும் இருக்கலாம்.

எந்த இலக்கம் யாரிடம் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது. எதைப் பதிந்தாலும் அதில் இன்னொருவர் இருக்கலாம். பதிவேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். என் வாழ்க்கையில், மனுவுடன் வந்தவர்கள் மாதிரி மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது அதுதான் முதல் தடவை. என் முன்னால் அப்படி விழித்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த நேரத்தில் நினைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைத்தேன்.

அப்போது ஆயம்மா கேட்டார்: "சார், மொதமொத பொட்டி வந்தப்ப இந்தப் பாரமெல்லாம் இல்லியே. போன் போனா அதுவே ஒரு நம்பர் குடுத்துச்சு. அதுக்கு யாருகிட்ட எது இருக்குன்னு தெரியுந்தானே?"

"தெரியும்," என்றேன். "ஆனால் அது ஆர் வந்தாலும் குடுக்கும்."

"பெரட்டுல கங்காணி வேற என்னங்க பண்றாரு? காலைல யாரு வந்து நிக்கிறாங்கன்னு பாத்து நெர பிரிச்சுக் குடுக்குறாரு. வராத ஆளுக்கு நெரய ஒதுக்கி வச்சிட்டு, வந்த ஆள நிக்க வச்சா கொழுந்த யாரு எடுக்குறது?"

தலைவர் தலையை ஆட்டினார். முப்பது வருடங்களாக விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி, மலையில் ஆளுக்கொரு தேயிலை நிரையைக் காட்டி விடுகிறவர் அவர். கைநூல் நாற்பது பக்கங்களில் சொன்னதை ஆயம்மா மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான்தான் படித்தும் விளங்காதவன்.

கணினியின் முன் உட்கார்ந்தேன். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து சுற்றறிக்கையின் இலக்கத்தைத் தட்டினேன். நான் நிறுத்தி வைத்திருந்த வசதியைத் திரும்ப இயக்கினேன். எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை கொடுக்கலாம் என்று அது கேட்டது. பயல்கள் அறுபது வரை புகுந்துவிட்டார்கள் என்பதால் நூற்றொன்றிலிருந்து நூற்றெண்பது வரை என்று போட்டேன். ஒருவர் ஒரு இலக்கத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற இடத்தில் ஒரு நாள் என்று போட்டேன். சேமித்தேன். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. மாற்றம் செய்தால் அது ஒருமுறை நின்று, மறுபடி எழும்பும். நாலைந்து நிமிடம் எடுக்கும்.

மணி ஒன்பது நாலு.

ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. ஆயம்மா சிரிக்கப் பார்த்தார். "முப்பது புள்ளைங்கள மத்தியானம் தூங்க வைக்கிறவ நான். இந்தப் பொட்டி ஒன்னு எந்திரிக்கிறதுக்கா பயப்படுவேன்?" என்றார். ஆனால் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். இஸ்திரி மடிப்பு முழுதும் கலைந்துவிட்டது.

எனக்கு இன்னொரு பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மழை. எல்லோரும் லயத்தில்தான் இருப்பார்கள். பெட்டி எழும்பியதும் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் பாயும். ஒரு கணினிக்குப் போதுமாக இருந்த இணைப்பு, அத்தனை பேர் பங்கிட்டால் ஒரு வீடியோவைக்கூடத் தாங்காது. இதைத் தலைவரிடம் சொன்னேன். ஒவ்வொருவரையாகத் தடுக்கிற வழி கைநூலில் இருக்கிறது, ஆனால் அதற்கு அரை மணி நேரம் வேண்டும் என்றும் சொன்னேன்.

"அரை மணியா?" என்றார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு மழைக்குள் இறங்கினார்.

பெரட்டுக் குரல் என்று ஒன்று உண்டு. மைக் இல்லாமல் மலை முழுக்கக் கேட்கும். அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எல்லா லயமும் கேட்டுக்கங்க! ஆயம்மாவுக்குப் பரீச்ச! வைஃபைய நிப்பாட்டுங்க! போன அமத்துங்க!"

மேல் லயத்தில் ஒரு பெண் குரல் அதை வாங்கி அடுத்த லயத்துக்குக் கொடுத்தது. அது கீழே இறங்கியது. கோயில் பக்கம் போயிற்று. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பிச் சொன்னார்கள். ஒரே ஒரு எதிர்ப்புத்தான் வந்தது.

"ஏ கங்காணி! என் மருமக டுபாயில காத்துக்கிட்டு இருக்கா! இப்பத்தான் லீவு கெடச்சிருக்கு!"

"காத்துக்கிட்டே இருக்கச் சொல்லு! அவ புள்ளைக்கு ரெண்டு வருசமா பால் காச்சிக் குடுத்தது யாரு, நீயா?"

கொஞ்ச நேரம் கழித்து, "அமத்திட்டேன்யா, கத்தாத!" என்று மட்டும் கேட்டது.

ஒன்பது பத்துக்குப் பச்சை விளக்கு வந்தது. ஆயம்மாவின் போனில் நான் கையால் பதிந்து வைத்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தானியங்கி என்பதைத் தொட வேண்டும். எங்கே தொடுவதென்று நான் தேடிக்கொண்டிருக்க, அவரே வாங்கித் தொட்டார். இரண்டு தொடுகை. கண் இமைக்கும் நேரத்தில் இலக்கம் வந்தது: 192.168.1.101. ஒரு படிவத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக இரண்டு வாரம்.

கணினியில் ரவுட்டரின் பக்கம் திறந்தபடியே இருந்தது. அந்த நேரம் வைஃபையில் சேர்ந்திருக்கும் போன்களின் பட்டியலை அது காட்டும். பார்த்தேன். ஒரே ஒரு வரி. நூற்றொன்று, ஆயம்மாவின் போன். அதன் பிறகு வெள்ளை. புதுப்பித்துப் பார்த்தேன். அப்போதும் ஒரே வரி. அறுபதோ எழுபதோ போன்கள் அந்தப் பள்ளத்துக்குள் இருந்தன. யாருக்கும் நான் தடை போடவில்லை. வைஃபையைத் திறந்தால் எல்லோருக்கும் இணைப்புக் கிடைத்திருக்கும். ஒருவரும் திறக்கவில்லை.

ஒன்பது பன்னிரண்டுக்கு அவர் உள்ளே போனார். திரையில் ஒரு அம்மணியும் ஒரு ஐயாவும் வணக்கம் சொன்னார்கள். இந்த முறை முகம் உறையவில்லை.

நானும் தலைவரும் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றோம். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சாக்கையும் பொலித்தீனையும் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார்கள். பூசாரி போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, அணைத்திருப்பதைக் காட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினேன். பழக்க தோஷம். சந்தியிலிருந்து ஓடி வந்த ஒரு ஓட்டோக்காரரும் தன் போனைக் காட்டினார். அவருக்கு நான் ஒருநாளும் இலக்கம் கொடுத்ததில்லை. எந்த இலக்கத்தில் புகுந்தார் என்று கேட்கவும் இல்லை.

"சார் இப்பக்கூட செக் பண்றாரு பாருங்க," என்று யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். அடக்கி அடக்கிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது. ஆயம்மா முதலில் புத்தகத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். விருத்திப் படிமுறை, போசாக்கு, நுண்தசை இயக்கம் என்று மனப்பாடம் செய்தவை வரிசையாக வந்தன. கடைசியில் அந்த அம்மணி ஒரு கேள்வி கேட்டார். ஒரு பிள்ளை முதன்முதலாக உங்கள் மடுவத்துக்கு வருகிறது, அழுகிறது, கொண்டு வந்தவர் யாரென்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?

அதற்குப் புத்தகத்தில் ஒரு விடை இருக்க வேண்டும். பதிவு செய்தல், பெற்றோர் விபரம் பெறுதல் என்று ஏதாவது. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆயம்மா புத்தகத் தமிழை விட்டுவிட்டார்.

"மொதல்ல தூக்கிக்குவேன் மேடம். பேர அப்புறம் கேப்பேன்."

உடைந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். அந்த அம்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தை பிறக்கும் முன்பே சான்றிதழ் வந்துவிட்டது. மடுவம் இன்றும் அவருடைய பொறுப்பில்தான் இருக்கிறது. ரவுட்டர் யார் வந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு இலக்கம் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறது. டேட்டா பிரச்சினையைத் தோட்டத்துப் பெண்கள் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். காலையில் பிள்ளைகளின் வகுப்பு, சாயந்தரம் வெளிநாட்டுப் பேச்சு, படம் பார்ப்பதென்றால் எட்டு மணிக்குப் பிறகு. எங்கும் எழுதி ஒட்டவில்லை. மீறுகிறவர்களை ஆயம்மா பார்க்கிற பார்வையே போதுமாம்.

நான் இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். அடையாள அட்டை, ஓய்வூதியம், பிறப்புச் சான்றிதழ் என்று கடிதம் எழுதித் தரச் சொல்லி வருவார்கள். அவர்கள் கொண்டு வருகிற காகிதங்களில் ஏதாவது ஒன்று குறையாமல் இருந்ததில்லை. குறையைச் சுட்டிக்காட்ட இன்னமும் என் நாக்கு முந்துகிறது. அப்போதெல்லாம் அந்த உடைந்த ஜன்னலுக்குள்ளிருந்து வந்த பதில் காதில் விழும். நாக்கைக் கடித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு, வந்தவரை முதலில் உட்கார வைக்கிறேன். முப்பத்தேழு வருட உத்தியோகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தராத, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத அந்த ஒரு நடைமுறையை, அறுபத்தெட்டு வயதிலாவது கற்றுக்கொண்டேனே என்பதில் எனக்கு இன்றும் வெட்கத்தைவிடச் சந்தோஷமே அதிகம்.